அரங்கில் நிற்கும் பெண்ணுக்கு நாற்காலி எங்கே?

2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடைபெற்றுவந்த ஈ3 என்னும் வீடியோ கேம் வணிகக் கண்காட்சியின் அமைப்பாளர்கள், அரங்கு எடுக்கும் நிறுவனங்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தார்கள். அரங்கில் நிறுத்தப்படும் மாடல்கள் அரைகுறை ஆடையிலோ நீச்சலுடையிலோ இருக்கக் கூடாது. மீறும் நிறுவனம் 5,000 டாலர் அபராதம் கட்ட வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த விதி புதிதாக எழுதப்பட்டதன்று. முன்பே விதிமுறைகளில் இருந்ததுதான். அதுவரை அதை யாரும் பொருட்படுத்தவில்லை; அபராதத் தொகை என்று ஒன்று சேர்ந்த பிறகுதான் உலகெங்கும் அது செய்தியானது.

நான் பெங்களூரில் ஒரு சிறிய கேம் நிறுவனத்தில், கேமின் ஒவ்வொரு கட்டத்தையும் அமைக்கும் லெவல் வடிவமைப்பாளராக வேலை பார்க்கிறேன். வார இறுதிகளில் ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரிக்கு வீடு திரும்புகிறவள். தொழில் காரணமாக அங்கேயும், ஊர்க்காரி என்ற முறையில் இங்கேயும் கண்காட்சி அரங்குகளைப் பார்த்துக்கொண்டே இருப்பதில் எனக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது. இந்த விவகாரம் எப்போது எழுந்தாலும் நாம் ஆடையின் நீளத்தைப் பற்றியே பேசுகிறோம்; அந்த ஆடையைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து இரவுவரை நிற்பவர் செய்வது ஒரு வேலை என்பதையும், அந்த வேலைக்கு ஒரு முதலாளி இருக்கிறார் என்பதையும் பேசாமல் விட்டுவிடுகிறோம்.

பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈ3 தொடங்கியது 1995இல். அதற்கு முன்பு கேம் நிறுவனங்கள் சி.இ.எஸ். என்னும் பெரிய மின்னணுப் பொருள் கண்காட்சியில், தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கும் ஒலிபெருக்கிகளுக்கும் நடுவில் ஒண்டுக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. 1983இல் வட அமெரிக்க கேம் சந்தை சரிந்து விழுந்த பிறகு, நிண்டெண்டோ நிறுவனம் 1985இல் தன் கருவியை அங்குள்ள கடைகளுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் போலவே கொண்டுவந்தது. அந்த நாட்டுப் பொம்மைக் கடைகளில் ஆண் பிள்ளைகளுக்குத் தனி வரிசை, பெண் பிள்ளைகளுக்குத் தனி வரிசை. கேம் ஆண் பிள்ளைகளின் வரிசைக்குப் போனது. அந்தப் பிள்ளைகள் தொண்ணூறுகளில் இளைஞர்களானபோது, விளம்பரமும் அவர்கள் பின்னாலேயே போயிற்று. 1996இல் டூம் ரெய்டர் என்ற கேமில் லாரா கிராஃப்ட் என்ற கதாபாத்திரம் வந்தவுடன், அந்த கேமை வெளியிட்ட ஐடோஸ் நிறுவனம் அவளைப் போலவே வேடமிட்டுக் கண்காட்சிகளில் நிற்பதற்கென்று மாடல்களை ஒருவர் பின் ஒருவராக அமர்த்திக்கொண்டே வந்தது. அந்த வரிசையில் 2008இல் வந்தவர் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. அவரால் அந்தக் கதாபாத்திரத்தைப் போலத் தாவவும் கரணமடிக்கவும் உண்மையிலேயே முடிந்தது. பார்வையாளர்களுக்குக் காட்டுவதற்கு அவரிடம் ஒரு திறமை இருந்தது. மற்ற அரங்குகளில் நின்ற பெரும்பாலான பெண்களுக்கு அப்படிக்கூட ஒரு வாய்ப்புத் தரப்படவில்லை.

ஈ3 பல காலம் பொதுமக்களுக்கான திருவிழாவாக இருக்கவில்லை என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. அங்கே வந்தவர்கள் கடைகளுக்குச் சரக்கு எடுப்பவர்கள், விநியோகஸ்தர்கள், பத்திரிகையாளர்கள். பொதுமக்களுக்கென்று 15,000 டிக்கெட்டுகள் விற்றது 2017இல்தான். ஆகவே "விடலைப் பையன்களைக் கவர்வதற்காகச் செய்கிறார்கள்" என்ற சமாதானம் பொருந்தாது. வேலை நேரத்தில், கழுத்தில் அடையாள அட்டையோடு, நிறுவனத்தின் செலவில் வந்திருந்த வளர்ந்த ஆண்களுக்காகத்தான் அந்தப் பெண்கள் நிறுத்தப்பட்டார்கள். அதற்கு ஒரு கணக்கும் இருந்தது. நூற்றுக்கணக்கான அரங்குகள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கும் கூடத்தில், மாடலைப் படம் எடுப்பவர் பின்னணியிலுள்ள நிறுவனச் சின்னத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போவார்; அந்தப் படம் மறுநாள் நூறு தளங்களில் வெளியாகும்; விளம்பரச் செலவு மிச்சம். விஷயம் தெரிந்த பத்திரிகைகள்கூட ஒவ்வோர் ஆண்டும் "இந்த ஆண்டின் அரங்கு அழகிகள்" என்று படத் தொகுப்புப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

அந்தக் கணக்கு எங்கெல்லாம் கொண்டுபோய் விட்டது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். 2009 ஜூலையில், காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் சான் டியேகோ காமிக் கான் விழாவில், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் கேம் நிறுவனம் தன் புதிய கேமுக்கு ஒரு போட்டி வைத்தது. அரங்கில் நிற்கும் மாடல்களோடு "காமச் செயல்" ஒன்றைப் புரிவதுபோலப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். வெல்பவருக்கு மாடல்களோடு இரவு விருந்து. எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஆனால் அந்த விளம்பரத் தாளை எழுதியவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர், அச்சிட்டவர் என்று எத்தனை மேசைகளைத் தாண்டி அது வெளியே வந்திருக்க வேண்டும்! அங்கே நின்றுகொண்டிருந்த பெண்களிடம் முன்பின் தெரியாத ஆண்கள் எப்படி நடந்துகொள்ளலாம் என்பதற்கு, அவர்களை வேலைக்கு வைத்தவரே ஓர் உரிமச் சீட்டு எழுதிக் கொடுத்ததாகத்தான் இதை நான் பார்க்கிறேன். அடுத்தது 2012இல் லண்டனில் நடந்த யூரோகேமர் எக்ஸ்போ என்னும் கேம் கண்காட்சி. பின்புறத்தில் கியூ.ஆர். குறியீடு அச்சிட்ட குட்டைக் காற்சட்டையோடு பெண்களை நடமாடவிட்டிருந்தார்கள். அந்தக் குறியீட்டைச் செல்போனில் படம்பிடித்தால் விளம்பரப் பக்கம் திறக்கும். அந்த ஆண்டின் கூச்சலுக்குப் பிறகு அமைப்பாளர்கள் இனி இத்தகைய மாடல்களுக்கு இடமில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். அமெரிக்காவில் பாக்ஸ் என்னும் கேம் விழாவை நடத்துகிறவர்கள் அதற்கு முன்பே அந்த முடிவை எடுத்திருந்தார்கள்.

சரி, அறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வியாபாரமாகவே பார்ப்போம். பொருள் விற்றதா? 2014இல் டெக்கிரஞ்ச் என்னும் தொழில்நுட்பச் செய்தித் தளத்தில், தொழில்நுட்பத் துறையில் வணிகப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ஒருவர் தான் செய்துபார்த்த சோதனையை எழுதியிருந்தார். ஒரே கண்காட்சியில் அவருடைய நிறுவனத்துக்கு இரண்டு அரங்குகள். ஒன்றில் வழக்கமான இளம் மாடல்கள். மற்றொன்றில், ஆட்களோடு பேசிப் பழகிய, வயதில் மூத்த உள்ளூர்ப் பெண்கள். மாடல்கள் நின்ற அரங்கில் நின்று பேசியவர்கள் மற்றதில் பேசியவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். பெயரும் முகவரியும் கொடுத்துச் சென்றவர்கள் பாதிக்கும் குறைவு. காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதன்று. வாங்க வந்தவருக்குக் கேள்விகள் இருக்கும்; அழகுக்கு நிறுத்தப்பட்டவரிடம் கேள்வி கேட்கக் கூச்சமாகவும் இருக்கும், கேட்டாலும் பதில் கிடைக்காது என்ற எண்ணமும் இருக்கும். படம் எடுக்க வருபவனோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவான். ஒருவரின் அனுபவத்தை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆயினும் நான் நின்ற அரங்குகளில் கண்டதும் ஏறக்குறைய இதுவே என்பதால், எனக்கு அது வியப்பாக இல்லை.

நான் நின்ற அரங்குகள் என்றேன். பெங்களூரில் நடந்த ஒரு தொழில் கண்காட்சியில் எங்கள் நிறுவனத்தின் அரங்கில் நான் நின்றுகொண்டிருந்தபோது, நடுவயதுக்காரர் ஒருவர் வந்து திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "இந்த கேமைப் பத்தித் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். திரையில் ஓடிக்கொண்டிருந்தது நான் வடிவமைத்த கட்டம். எதிரி எந்தக் கதவிலிருந்து வருவான், மறைந்துகொள்ளும் சுவர் எத்தனை உயரம், ஆட்டக்காரர் எந்த இடத்தில் தோற்றுப்போய் மறுபடி முயல்வார் என்று ஒவ்வொன்றையும் மாதக்கணக்கில் மாற்றி மாற்றி அமைத்தவள் நான். பின்னால் உட்கார்ந்து கேபிளைச் சரிசெய்துகொண்டிருந்த பயிற்சி மாணவனிடம் அவர் தன் கேள்விகளைக் கேட்க, அவன் ஒவ்வொன்றுக்கும் என்னைத் திரும்பிப் பார்க்க, அந்த உரையாடல் ஒரு கூத்தாகவே முடிந்தது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கண்காட்சியில் அரங்கின் முன்னே நிற்கும் பெண்ணுக்கு எதுவும் தெரியாது என்று பல ஆண்டுகளாக இந்தத் தொழிலே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அமெரிக்காவில் கேம் விளையாடுவோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள் என்று, ஈ3ஐ நடத்திய அதே ஈ.எஸ்.ஏ. அமைப்பின் அறிக்கைகளே ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்திருக்கின்றன. தன் அறிக்கையைத் தன் கண்காட்சியில் அரங்கெடுத்தவர்களுக்கு அது படிக்கக் கொடுத்ததா என்பதுதான் என் சந்தேகம்.

தொழிலுக்குள்ளேயே இருக்கும் பெண்களுக்கு இது எப்படிப்பட்ட சேதியாகப் போய்ச் சேர்கிறது என்பது சான் பிரான்சிஸ்கோவில் ஆண்டுதோறும் கூடும், கேம் உருவாக்குநர்களின் ஜி.டி.சி. மாநாட்டில் இரண்டு முறை வெளிப்பட்டது. 2013இல் சர்வதேச கேம் உருவாக்குநர் சங்கம் பங்கேற்று நடத்திய விருந்தில் நடனப் பெண்களை வரவழைத்திருந்தார்கள். அச்சங்கத்தின் பெண்கள் பிரிவுக்கு இணைத் தலைவராக இருந்த மூத்த வடிவமைப்பாளர் பிரெண்டா ரொமெரோ பதவி விலகினார். 2016இல் மைக்ரோசாஃப்ட் நடத்திய விருந்தில் பள்ளிச் சீருடைச் சாயலில் உடுத்திய நடனப் பெண்கள். அதன் கேம் பிரிவான எக்ஸ்பாக்ஸின் அப்போதைய தலைவர் ஃபில் ஸ்பென்சர் மன்னிப்புக் கேட்டார். அதே மாநாட்டையொட்டி அதே நிறுவனம் கேம் துறைப் பெண்களுக்கென்று ஒரு மதிய விருந்தும் வைத்திருந்தது. மதியம் கௌரவம், ராத்திரி நாட்டியம்.

இனி ஆடையை அளப்பதற்கு வருகிறேன். 2015இல் ஷாங்காயின் சைனாஜாய் கண்காட்சியில், மார்பின் பிளவு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தெரிந்தால் 5,000 யுவான் அபராதம் என்று விதி செய்தார்கள். அந்த அபராதம் மாடல்கள் மேல் விழும் என்றே செய்திகள் வந்தன. எனக்கு இதைப் படித்தபோது வந்த முதல் கேள்வி, யார் அளப்பார் என்பது. அளவுகோலோடு ஒருவர் அரங்கு அரங்காகப் போவாரா? அந்த ஆடையைத் தேர்ந்தெடுத்தது மாடலா? தைத்துக் கொடுத்தது அவரா? காலையில் உடை மாற்றும் அறையில் ஒரு பையைக் கையில் கொடுத்து "இதுதான் இன்றைக்கு" என்று சொன்னவர் அபராதத்தின் எல்லைக்கு வெளியே நிற்க, போட்டுக்கொண்டவர் கட்ட வேண்டுமென்றால், அது ஒழுங்கு விதி அன்று, கூலியில் பிடித்தம். அந்த வகையில் ஈ3இன் 5,000 டாலர் எத்தனையோ மேல். அது அரங்கெடுத்த நிறுவனத்தின் கணக்கில் விழுந்தது. சி.இ.எஸ். கண்காட்சி 2020இல் கொண்டுவந்த விதி இன்னும் ஒருபடி மேல், ஏனென்றால் அரங்குப் பணியாளர்கள் ஆணாயினும் பெண்ணாயினும் ஒரே கட்டுப்பாடு என்று சொல்லிவிட்டது.

நம் பக்கத்தில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ச் சமாச்சாரம், நம்ம பண்பாட்டுக்கு ஒத்துவராது" என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவைக்கப் பார்ப்பார்கள். நான் அதை ஏற்பதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிராமங்களில் பாரதத் திருவிழா நடந்தால், பகலில் சொற்பொழிவும் இரவில் கூத்துமாகப் பல நாட்கள் போகும். திரௌபதி வேடத்தை ஆண்களே கட்டி ஆடுவார்கள், கேட்க ஊரே திரளும். அதே ஊரில் அடுத்த மாதம் இன்னொரு கோயிலுக்கு விழா எடுத்தால், வசூல் நோட்டில் முதல் செலவாக எழுதப்படுவது ஆடல் பாடல் நிகழ்ச்சி. காவல் நிலையத்தில் அனுமதி தராவிட்டால் விழாக் குழுவினர் உயர் நீதிமன்றம்வரை போய், ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாடல் கூடாது என்ற நிபந்தனைகளோடு உத்தரவு வாங்கி வருகிறார்கள். நிபந்தனை எந்த மணிவரை நிலைக்கும் என்பது முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கும் சிறுவர்களுக்கும் தெரியும். ஆட வந்த பெண்களுக்கு உடை மாற்ற இடம், வந்த வேனுக்குப் பின்னால் புடவை கட்டிய மறைப்பு. விழாக் குழுவில் யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை, மறுநாள் காலையில் பண்பாட்டைப் பற்றிப் பேசுவதிலும் அவர்களுக்குத் தடையில்லை. ஆகவே லாஸ் ஏஞ்சல்ஸில் நடப்பதைப் பார்த்து நாம் மூக்கின்மேல் விரல் வைப்பது அழகல்ல.

கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் மாம்பழக் காலத்தில் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சியை வெளியூர்க்காரர்களும் அறிவார்கள். மல்கோவா, செந்தூரா, பெங்களூரா என்று தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும் பந்தலைச் சுற்றிவிட்டு, அரசுத் துறை அரங்குகளைக் கடந்து, டெல்லி அப்பளத்துக்கும் ராட்டினத்துக்கும் போகும் வழியில் தனியார் அரங்குகள் இருக்கும். ஓர் ஆண்டு, அங்கே செல்போன் விற்பனையாளர் ஒருவர் கேமிங் போன் ஒன்றை அறிமுகப்படுத்த அரங்கு போட்டிருந்தார். தரையிலிருந்து அரையடி உயர்த்திய பிளைவுட் மேடை. மேலே சிவப்புக் கார்ப்பெட், ஓரத்தில் ஒட்டிய டேப் பாதி பிய்ந்து எழும்பி நிற்கிறது. அதன்மேல் இரண்டு இளம்பெண்கள், ஓர் அளவு சிறிதான டி-ஷர்ட்டும் முழங்காலுக்கு வெகு மேலே நின்றுவிட்ட பாவாடையும் போட்டு, குதிகால் உயர்ந்த செருப்போடு. ஒருத்தி பாவாடைக்குள் கறுப்பு லெக்கிங்ஸ் போட்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேற்பார்வையாளர் வந்து, அதைக் கழற்றிவிட்டு வரும்படி அவளிடம் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே, "உள்ள கொசு கடிக்குதுங்க சார்" என்றாள். அவர் விளக்குகளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், போய்விட்டார். அந்தப் பதிலை அவள் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

கூட்டம் குறைந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தேன். தருமபுரியில் பி.காம். முடித்தவள். வார நாட்களில் ஓசூர் அருகே ஒரு தொழிற்சாலையில் வேலை, விடுமுறைகளில் இந்த மாதிரி அழைப்புகள். கடைத் திறப்பு விழாவில் பன்னீர் தெளிப்பதும், கல்யாண மண்டபத்தில் வெல்கம் கேர்ளாக நிற்பதும், கண்காட்சியில் நோட்டீஸ் கொடுப்பதும் எல்லாம் ஒரே ஏஜென்ட் மூலம் வரும். "புடவைன்னா ஒரு ரேட்டு, இந்த டிரெஸ்ஸுன்னா இருநூறு ரூபா சேத்துக் குடுப்பாங்க. ஆனா கமிஷனும் அதுலயே புடிச்சுக்குவாங்க, அக்கா" என்றாள். ஏன் உட்காரவில்லை என்று கேட்டதற்கு, அரங்கில் மொத்தம் இரண்டு நாற்காலிகள்தான், இரண்டும் வாடிக்கையாளருக்கு என்றாள். சாப்பாடு ராட்டினத்துக்குப் பின்னால் நின்றபடியே; கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

மேசைமேல் சங்கிலி போட்டு வைத்திருந்த போனில் பையன்கள் மாறி மாறி ஃப்ரீ ஃபயர் என்னும் சுடும் கேமை ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் சுட்டுச் சுட்டுத் தோற்றுக்கொண்டிருந்ததைப் பார்த்து, "சென்சிட்டிவிட்டிய மாத்தவே இல்ல, அதான் தல மேலயே போவுது" என்று என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னாள். பிறகு தன் போனை எடுத்துக் காட்டினாள். ஹீரோயிக் தரவரிசையில் இருந்தாள். நான் வேலைக்காக விளையாடுகிறவள், எனக்கே அது எட்டாத உயரம். அந்த மேடையில் கேமைப் பற்றி உருப்படியாகப் பேசக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அவளை அங்கே நிறுத்தியவர்களுக்கு அது தெரியாது, கேட்கவும் இல்லை. டெமோ போனைத் தொடக் கூடாது என்பது அவளுக்குச் சொல்லப்பட்டிருந்த விதிகளில் ஒன்று. போனின் விலையைக் கேட்டால் உள்ளே இருக்கும் பையனைக் கைகாட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பையனோ, பேட்டரி எத்தனை நேரம் தாங்கும் என்ற கேள்விக்கு அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தான்.

இந்த ஒரு காட்சியில் சட்டம் எங்கெங்கே நுழைய முடியும் என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். பெண்களை ஆபாசமாகச் சித்திரிப்பதற்கு எதிரான 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. ஆனால் அது விளம்பரங்களையும் வெளியீடுகளையும் படங்களையும் மையமாகக் கொண்டது, நிற்பவரின் கால்வலி அதற்குள் வராது. அதைவிடப் பயன்படக்கூடியது, பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி, வேலையின் பொருட்டுப் போகும் எந்த இடமும் பணியிடம்தான்; தற்காலிகமாக, தினக்கூலிக்கு, ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரும் பணியாளர்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமானால், புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். இல்லாத இடத்துக்காக மாவட்டத்தில் உள்ளூர்க் குழு உண்டு. மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். ஆக, படம் எடுக்கும் சாக்கில் இடுப்பில் கைவைத்தவனைப் பற்றிப் புகார் சொல்ல அந்தப் பெண்ணுக்கு உரிமை எழுத்தில் இருக்கிறது. யாரிடம் சொல்வது என்று அவளுக்குச் சொன்னவர் யாருமில்லை. ஏஜென்டிடம் சொன்னால் அடுத்த அழைப்பு வராது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்று 2021இல் தமிழ்நாட்டில் வந்த திருத்தம். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோர் அனைவருக்கும் இருக்கை தர வேண்டும் என்று சொல்லும் சட்டம் அது. கேரளம் 2018இலேயே செய்துவிட்டது. ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுக்க நின்ற பெண்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சில நாட்களுக்கு மட்டும் முளைக்கும் கண்காட்சி அரங்குக்கும் அதன் நியாயம் அப்படியே பொருந்தும் என்பது என் கருத்து. இருக்கை இருந்தால் பாவாடையின் நீளம் தானாகவே ஒரு கேள்வியாகிவிடும். ஏனெனில் உட்கார முடியாத உடையை நாற்காலி இருக்கும் இடத்தில் கொடுக்க முடியாது.

தடை ஒன்றே தீர்வு என்பவர்களோடும் எனக்கு முழு உடன்பாடில்லை. 2018 ஜனவரியில் ஃபார்முலா ஒன் பந்தயத்தை நடத்துவோர், தொடக்கக் கோட்டில் வண்டிகளின் அருகே பெண்களை நிறுத்தும் வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தபோது, அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த பெண்கள் பலர் எதிர்த்தார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை, எங்கள் வருமானத்தை எங்கள் பெயரைச் சொல்லியே பறித்துவிட்டீர்கள் என்பது அவர்களின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. மாங்கனிக் கண்காட்சியில் நான் பார்த்த பெண்ணுக்கு அந்தக் கூடுதல் இருநூறு ரூபாய் பொழுதுபோக்குச் செலவு அன்று. அவளை மேடையிலிருந்து இறக்கிவிட்டு, நம் மனச்சாட்சியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவது எளிது. மேடையிலேயே வைத்துக்கொண்டு வேலையை மாற்றுவதற்குத்தான் யோசனையும் பணமும் தேவைப்படும்.

விரும்பி வேடமிட்டு வரும் ரசிகர்களை இதோடு சேர்த்துக் குழப்புவதும் உண்டு. காஸ்ப்ளே செய்து வருபவர் தன் கதாபாத்திரத்தைத் தானே தேர்ந்து, தானே அட்டையும் ஃபோமும் வெட்டி ஒட்டி, தான் விரும்பும் ஆடையில் வருகிறார். களைத்தால் போய் உட்கார்ந்துகொள்வார். அவரையும் அனுமதியின்றித் தொடக் கூடாது என்பதை நியூயார்க் காமிக் கான் 2014இல் வாசலிலேயே பலகை வைத்துச் சொன்னது. கூலிக்கு நிற்பவருக்கும் அதே பலகை வேண்டும் என்று சொல்ல ஏனோ பலருக்குத் தோன்றுவதில்லை.

ஈ3 இப்போது இல்லை; 2023 டிசம்பரில் நிரந்தரமாக மூடிவிட்டதாக அறிவித்தார்கள். ஆனால் நம் நாட்டில் கேம் விழாக்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன. சென்னைக்கு 2024இல் காமிக் கான் வந்தது. ஹைதராபாத்தில் பல ஆண்டுகள் கேம் உருவாக்குநர் மாநாடு நடந்திருக்கிறது. எங்கள் நிறுவனமும் அடுத்த விழாவில் அரங்கு எடுக்க முடிவுசெய்து, ஆட்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறது. ஒரு பெண் பார்த்துக்கொண்டால் பிரச்சினை வராது என்று நினைத்திருப்பார்கள்.

ஏஜென்ட் ஒருவரை அழைத்தேன். "ஹைட் எவ்வளவு மேடம் வேணும்? வெஸ்டர்னா, டிரெடிஷனலா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பிறகு வாட்ஸாப்பில் படங்கள் வந்தன: முன்பக்கம், பக்கவாட்டு, உயரம், நிறம். நான் வேறு சில கேள்விகளைத் திருப்பி அனுப்பினேன். என்ன கேம் விளையாடுவார்கள், தமிழும் கன்னடமும் தெலுங்கும் இவர்களில் யாருக்கு வரும், கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசிய பழக்கம் உண்டா? ஆண்களையும் அனுப்பலாம் என்று சேர்த்து எழுதினேன். உடை என்ற இடத்தில் எங்கள் குழுவினர் எல்லோரும் போடும் அதே டி-ஷர்ட், அவரவர் அளவில். கீழே அவரவர் விருப்பம். காலில் தட்டைச் செருப்பு. ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்று ஆள், புகார் சொல்வதற்கு எங்கள் உள்ளகக் குழுவைச் சேர்ந்தவரின் எண் முதல் நாளே கையில்.

அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். விழாவுக்கு முந்தைய நாள் முழுக்க அலுவலகத்துக்கு வந்து கேமை விளையாடிப் பழக வேண்டும் என்று நான் சொன்ன இடத்தில்தான் பேச்சு நின்றது. "பழகுறதுக்கு யாராவது காசு குடுப்பாங்களா மேடம்? அது அவங்க ஃப்ரீயா வந்துருவாங்க" என்றார். முழு நாள் கூலி உண்டு, அதை நேராக அவர்கள் கணக்கிலேயே போடுவோம் என்றேன். அப்படியானால் அந்த நாளுக்கும் தன் கமிஷன் உண்டா என்று கேட்டார். எங்கள் கணக்கரோடு பேசி, கமிஷனைத் தனி பில்லாக நாங்களே கொடுத்துவிடுவது, பெண்களின் கூலியில் கைவைக்கக் கூடாது என்று முடிவாயிற்று. ஒப்பந்தத் தாளில் அந்த வரியைச் சேர்த்து அனுப்பிவிட்டேன். கையெழுத்திட்டுத் திரும்பி வர வேண்டும்.